ஆள் கேட்டவர்

பதினோரு ஆய்வாளர்கள் இருக்க வேண்டிய கட்டட அனுமதி அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். ஆள் கேட்டு ஏழாவது முறையாக மேலதிகாரி முன் நின்றார்.

“இதுவரைக்கும் ஒரு கட்டடமாவது விழுந்துச்சா? அப்புறம் எதுக்குய்யா ஆளு?”

அடுத்த மாதம் ஒரு குடியிருப்பு இடிந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். உடனே பத்துப் பேரை நியமித்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்குக் கருணை அடிப்படையில் வேலை.

“வீட்ல யாரும்மா போனது?” என்று கேட்டார் பழைய ஆய்வாளர்.

“எல்லாரும் சார். விரிசல் விழுதுன்னு அப்பா போட்டோவோட மனு குடுத்தாரு. யாரும் வந்து பாக்கல.”

“ஆள் இல்லாட்டி இப்படித்தாம்மா.”

அவள் தன் மேசை இழுப்பறையை இழுத்தாள். “பூட்டியிருக்கு சார். சாவி?”

“தொலைஞ்சு போச்சு. வேற மேசையில உக்காரும்மா.”

சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. இழுப்பறைக்குள் அவள் அப்பாவின் மனு. அதன்மேல் ‘குடியிருப்பை இன்றே காலி செய்ய வேண்டும்’ என்று அவரே எழுதியிருந்தார். மேலதிகாரியிடம் ஏழாவது முறை பேசிவிட்டு வந்த அன்றுதான் அதை உள்ளே வைத்துப் பூட்டினார்.