அதிர்வுச் சட்டை

ஐஸ் ஹாக்கியில் எனக்குக் கோல் அடிக்க வராது. ஓடி வருபவனை இடிப்பதும், பறந்து வரும் ரப்பர் வட்டை உடம்பால் மறிப்பதுமே என் உத்தியோகம். ஒரு நல்ல சுவருக்கும் அதே தகுதிதான்.

இந்த வருடம் ரசிகர்களுக்கென்று ஒரு சட்டை வந்திருக்கிறது. போட்டுக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தால், பிடித்த ஆட்டக்காரன் வாங்கும் அடி நமக்கும் கொஞ்சம் விழும். என் பெயர் போட்ட சட்டையை எந்தப் பைத்தியமும் வாங்காது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைய ஆட்டத்தின் இடைவேளையில் ஸ்காபரோ வீட்டிலிருந்து அம்மா அழைத்தார்.

"தம்பி, இடப்பக்க விலா நல்லா நோகுதென்ன?"

"உங்களுக்கு எப்பிடி... ஐயோ அம்மா, கழட்டுங்கோ அதை!"

"மாட்டன். கேட்டா நீ ஒண்டுமில்லையெண்டுதானே சொல்லுவாய்."

பிறகு ஐஸில் எனக்கு நிலைகொள்ளவில்லை. இந்த ஆட்டம் போனால் அணியில் என் இடமும் போகும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். கடைசி நிமிடம், சமநிலை. எதிரணிக்காரன் ஓங்கி அடித்த வட்டு நேரே என் விலாவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக விலகினேன்.

கோல். அரங்கமே ஊளையிட்டது. பயிற்சியாளர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில் மறுபடி அம்மா.

"ஏனடா விலத்தினனீ? நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு ரெடியா இருந்தனானெல்லோ!"