தினம் ஒரு ரிப்பேர்

அம்மா ஜீப்பின் பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மகனுக்கு அந்தக் காட்சியே போதுமானதாக இருந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னப்பா இது? பக்கவாதம் வந்து இப்பத்தான் எழுந்து நடக்கறா. வலது கை இன்னும் சரியா மடங்கல. அவளைப் போய் வேலை வாங்கறீங்களே?"

"நான் எங்கடா வாங்கறேன்? எங்க வீட்டு மெக்கானிக் தானா வந்து பாக்கறா" என்றார் அப்பா, தானே பரிசு வாங்கியவர் போல.

பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று மகன் பல்லைக் கடித்தான்.

அம்மா லாரிப் பட்டறையில் தலைமை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா தையற்காரர். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதோடு அவருடைய இயந்திர ஞானம் முடிந்தது. வீட்டுக்கு வரும் மேட்டுப்பாதை மழையில் சேறாகிவிடும் என்பதால், நாலு சக்கரமும் இழுக்கும் இந்தக் கிழட்டு ஜீப்பை அம்மாதான் வாங்கிப் போட்டாள்.

"ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் லூஸுங்க" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "இப்படியே எடுத்துட்டுப் போயிருந்தா தண்ணியெல்லாம் ஒழுகி, இன்ஜின் சூடாகி, நடுவழியில நின்னிருப்பீங்க."

"நீ இருக்கும்போது நான் ஏன் நிக்கப்போறேன்?"

திருப்புளியைப் பிடித்த விரல்கள் நடுங்கின. மகன் ஓடிப்போய் வாங்கப் பார்த்தான். அம்மா முழங்கையால் அவனைத் தள்ளினாள். "விடுடா. என் வேலையில கை வைக்காதே."

கிளிப்பை இறுக்கி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு களை. கருவிப் பெட்டியில் இரண்டு ஸ்பானர்களை இடம் மாற்றி வைத்துவிட்டு மூடினாள்.

சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள். "நேத்து ஹாரன் வயர் கழண்டிருந்துச்சு. முந்தாநாள் ஏர் ஃபில்டர் மூடி. தினம் ஒண்ணு கண்டுபிடிச்சுடறேன்."

"அதைத்தாம்மா சொல்றேன். தினம் ஒண்ணு கெட்டுப்போற வண்டி நமக்கெதுக்கு? ஆள் பாத்துட்டேன். நாளைக்கு வந்து எடுத்துக்குவாரு."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது.

"சும்மா நிறுத்தி வச்சாத்தாண்டா வண்டி கெடும். அப்பப்போ பாத்து ஓட்டினா ஒண்ணும் ஆகாது" என்றார் அப்பா. குரலில் வழக்கமான சுரத்து இல்லை.

அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள்.

சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில், வாங்குபவருக்கு அனுப்ப ஜீப்பைப் படம் எடுக்கலாம் என்று மகன் கொட்டகைக்குப் போனான். பானெட் திறந்திருந்தது. உள்ளே அப்பா. கையில் ஸ்பானர். நன்றாக இருந்த பேட்டரி இணைப்பைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"மெதுவாப் பேசுடா. அவ காதுல விழுந்துடப் போகுது."

மகன் கிட்டே போய், தளர்ந்திருந்த இணைப்பை எட்டிப் பார்த்தான்.

"கைக்குப் பயிற்சி கொடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நீ வாங்கி அனுப்பின ரப்பர் பந்தை ஜன்னல் வழியா வீசிட்டா. நான் என்ன பச்சைக் குழந்தையான்னு சுவத்தைப் பாத்துப் படுத்துட்டா. ஒருநாள் வண்டி கிளம்பல. என்னன்னு பாக்க அவளே எழுந்து வந்தா. ஏதோ வயர் கழண்டிருந்துச்சு, மாட்டினா. அன்னைக்குத்தான் கூப்பிடாமலே வந்து சாப்பிட்டா." அப்பா மூக்கை உறிஞ்சினார். "அப்புறம் எதுவும் தானாக் கழலல. அதான் நானே தினம் ஒண்ணு... பிரேக், சக்கரம் பக்கமெல்லாம் போக மாட்டேன்டா. அவ பாத்து சரின்னு சொல்லாம சாவியைத் தொடவும் மாட்டேன். போன மாசம் ஸ்க்ரூவைக் கையில பிடிக்கவே முடியல. இப்ப முழுசா இறுக்கறா, பாத்தியா?"

வண்டி விற்பனைக்கு இல்லை, வர வேண்டாம் என்று வாங்குபவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மகன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை. அதே பானெட், அதே நாற்காலி, அதே டீ.

"பேட்டரி டெர்மினல் லூஸுங்க. பவுடர் வேற பூத்திருக்கு, துடைச்சு கிரீஸ் தடவணும்." ஸ்பானரைப் பிடித்து இறுக்கினாள். "ஹெட்லைட் ஸ்க்ரூவும் கழண்டிருக்கு. இன்னைக்கு ரெண்டு."

"ரெண்டா?" என்றார் அப்பா. டம்ளர் பாதி வழியில் நின்றது. மகனைப் பார்த்தார். மகன் ஆகாயத்தைப் பார்த்தான்.

அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல், "என் மெக்கானிக்குக்கும் ஒரு டீ கொண்டாறேன்" என்று உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா திரும்பினாள்.

"பேட்டரி உங்கப்பா கைவரிசை. அரைச் சுத்துக்கு மேல கழட்ட அவருக்குப் பயம். ஹெட்லைட் நீ. ஸ்க்ரூ கையோட வந்துடுச்சு."

மகன் திருதிருவென்று விழித்தான். "உனக்குத் தெரியுமாம்மா?"

"பட்டறையிலேயே தலை நரைச்சவடா நான். தானாக் கழண்டதுக்கும் கழட்டினதுக்கும் வித்தியாசம் தெரியாதா? ஸ்பானரை எடுத்த இடத்துல வைக்கவும் தெரியல உங்கப்பாவுக்கு."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட சொல்லல?"

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் படுத்தப்போ அந்த மனுஷன் தையல் மெஷினையும் தொடல, சோத்தையும் தொடல. என் கட்டில் காலைப் பிடிச்சுட்டே உக்காந்திருந்தாரு. இப்பப் பாரு, கால்மேல் கால் போட்டு டீ குடிக்கறாரு. என்னைத் தேத்திட்டோம்னு அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையிலதாண்டா அவர் தேறிட்டு வர்றாரு."