ஜன்னல் பக்கச் சுவர்

கொல்லைச் சந்தில், ஜன்னல் கம்பிகளைப் பற்றியபடி அவள் நின்றாள்.

உள்ளே ஓர் அறை. பட்டி பார்த்து முடித்த வெள்ளைச் சுவர்கள். சாமான் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் முதல் அது அவளுடைய படுக்கையறை.

"அதுவரைக்கும் வாசப்படிய மிதிக்கக் கூடாது. தாலி ஏறின பெறவு, வலது கால எடுத்து வெச்சுத்தான் உள்ள வரணும்." செண்பகவடிவு இப்படிச் சொல்லியிருந்தாள். அவள் மாப்பிள்ளையின் அக்காள். அந்த வீட்டில் அவள் சொன்னது சொன்னதுதான்.

படி வாசலுக்குத்தான் உண்டு. ஜன்னலுக்குக் கிடையாது.

இதைக் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளைதான். தலை நரைத்த பிறகு இத்தனை கள்ளத்தனம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ! இப்போது அறைக்குள் பெயின்ட் வாளியின் அருகே நின்றுகொண்டு, அவளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

பெயின்டர்கள் சிலரை அவர் வரவழைத்துப் பார்த்திருந்தார். எல்லோரும் ஏணியை இறக்கும் முன்பே, "சந்தனக் கலர்தான அண்ணாச்சி?" என்றார்கள். இசக்கியப்பன் ஒருவன்தான், "படுக்கப் போறது யாரு? அவங்களக் கேளுங்க" என்றான்.

வேலை அவனுக்கே கிடைத்தது.

அன்று மாலையே அவர் அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ரூமுக்கு என்ன கலர் அடிக்கட்டும்?"

"எதுனாலும் சரிதான்."

"கடையில கேட்டுப் பாத்துட்டேன். அப்படி ஒரு கலர் இல்லையாம்."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அது உறைத்தது.

இதுவரை அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

முதல் கணவர் இருந்த காலத்தில், கூடத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய பெயின்டே படுக்கையறைக்கு வந்தது. அவர் போன பின் தம்பி வீடு. அங்கே அவள் படுத்தது அரிசி மூட்டை அடுக்கிய அறையில். அதற்கு மிச்சத்திலும் மிச்சம்.

பறவைகளுக்கு நிறம் பங்கிட்ட நாளில் காக்கை கடைசியாக வந்ததாம். கிண்ணங்களில் மிஞ்சியதையெல்லாம் ஒன்றாகக் கலந்து அதன் தலையில் ஊற்றினார்களாம். அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் பறந்ததாம் காக்கை.

அந்தக் காக்கையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இன்று அவள் முதல் ஆளாக வந்திருந்தாள். தம்பி மனைவியிடம் சந்தைக்கென்று சொல்லிவிட்டு, கையில் வெறும் பையோடு.

இசக்கியப்பன் எதிர்ச் சுவரில் மூன்று பட்டைகள் அடித்தான்.

சந்தனம்.

இளம்பச்சை.

கத்தரிப்பூ.

"காய்ஞ்சாத்தான் நெசக் கலரு தெரியும், தாயி. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தாள். சந்தில் வந்த ஆடு ஒன்று அவளுடைய பையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாந்து நகர்ந்தது. வெயில் சுவரின் மீது மெல்ல ஏறியது. சந்தனம் மங்கியது. பச்சை வெளிறியது.

கத்தரிப்பூ பூத்தது.

"அதுதான்!"

நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது. அவர் பதறி உதட்டில் விரல் வைத்தார். முன்கட்டில் செண்பகவடிவு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கத்தரிப்பூவா?" இசக்கியப்பன் கண்ணை அகல விரித்தான். "சின்னஞ்சிறுசுகளே சந்தனம்தான் கேக்குதுவ. நீங்க அடிச்சு ஆடுதிய, தாயி."

அவன் வேலையைத் தொடங்கினான். ஜன்னல் பக்கச் சுவரில் உருளை ஈரமாக ஓடும் ஓசை கேட்டது.

மற்ற மூன்று சுவர்களையும் அவளால் பார்க்க முடிந்தது. அந்த ஒன்றை மட்டும் பார்க்க முடியவில்லை.

கம்பிகளுக்கிடையே வலது கையை நுழைத்தாள். மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. உள்புறமாக மடக்கி, காணாத சுவரின் மீது உள்ளங்கையை வைத்தாள்.

குளிர்ந்திருந்தது.

"போச்சு!" என்றான் இசக்கியப்பன். "அஞ்சு வெரலும் பதிஞ்சிட்டு. சரி, விடுங்க. ஒரே இழுப்புல மறைச்சிருதேன்."

அப்போது முன்கட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏல, அங்க யாருகிட்டல பேசுத?"

அவர் திகைத்தார். சந்துப் பக்கம் பார்த்தார்.

"ஆடுக்கா!"

"ஆட்டுகிட்டயா கலர் கேக்க?"

காலடி ஓசை நெருங்கியது. அவள் கையை உருவிக்கொண்டு ஓடினாள். ஓடி எத்தனை காலமாயிற்று! சந்து முனை திரும்பும்போது சிரிப்பு மூச்சை அடைத்தது. பேருந்தில் வலது கையை மூடியே வைத்திருந்தாள். ஊர் வரும்வரை திறக்கவில்லை.

திருமணத்தன்று காலை, ஆரத்தி சுற்றி முடித்து, செண்பகவடிவு வழிவிட்டு நின்றாள்.

"வலது கால், தாயி."

வலது காலை எடுத்து வைத்தாள்.

அவர் அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

கத்தரிப்பூ. நான்கு சுவர்களிலும், மூலை முடுக்கெல்லாம், கத்தரிப்பூ.

அவள் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஒரே இழுப்பில் மறைந்திருக்க வேண்டிய கை, அங்கேயே இருந்தது. ஐந்து விரல்களும் விரிந்து.

உள்ளங்கையின் நடுவே, புதிதாக ஒரு குங்குமப் பொட்டு.

அவரைப் பார்த்தாள். தமக்கும் தெரியாது என்று அவர் தலையசைத்தார்.

பின்னால், குங்குமச் சிமிழோடு, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள் செண்பகவடிவு.

"என்ன தாயி, புதுசாப் பாக்க மாதிரி நிக்கே?"