கோப்பை கொடுக்க வந்தவள்

"அவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன். ஒரு கறுப்பனுக்கு முத்தம் கொடுக்கவா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

மேடையில் நின்ற நோரீன் சத்தமாகத்தான் சொன்னாள். வேலியோரம் இருந்த ஒடெஸாவின் காதில் நன்றாகவே விழுந்தது.

கார் பந்தயம் இன்னும் முடியவில்லை. கடைசிச் சில சுற்றுகள் பாக்கி. ஒடெஸாவின் கணவன் லெமுவேல் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அமெரிக்காவில், வட கரோலினாவின் மண் தடங்களில் வெள்ளையர்களோடு போட்டி போட்ட முதல் கறுப்பன் அவன்.

ஜெயித்தவனுக்குக் கோப்பையும் கன்னத்தில் ஒரு முத்தமும் கிடைக்கும். அதற்குத்தான் அந்த வெள்ளைக்காரப் பெண்ணை வரவழைத்திருந்தார்கள்.

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் பந்தயம் நடத்தும் ஹஸ்கின்ஸ்.

லெமுவேல்தான் ஜெயித்தான். ஹஸ்கின்ஸ் கோப்பையை அவன் கையில் திணித்தார்.

"வாங்கிக்கிட்டுக் கிளம்பு பையா."

கறுப்பர்களை உட்கார வைத்திருந்த மூலை மட்டும் கைதட்டியது.

லாரிக்கு வந்ததும் ஒடெஸா பொரிந்து தள்ளினாள்.

"அந்தத் திமிர் பிடிச்சவ என்ன சொன்னா தெரியுமா?"

"தெரியும். வர்ற வழியில நாலு பேர் சொல்லிச் சிரிச்சாங்க."

"உனக்குக் கோபமே வரலையா லெம்?"

"வரும். தூங்கி எழுந்தா வரும்."

ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து அவன் கை மரத்துப் போயிருந்தது. அவள் கட்டிக்கொண்டு வந்த கோழி வறுவலைக்கூடத் தொடாமல் முன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அந்த ஊரில் கறுப்பர்களுக்கு அறை கொடுக்கும் விடுதி கிடையாது. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு லாரியை ஓட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஒடெஸா பின்னால் போய், லாரியில் ஏற்றிய காரைக் குனிந்து சங்கிலியால் கட்டத் தொடங்கினாள். பக்கத்தில் வெள்ளைச் செருப்பு போட்ட கால்கள் வந்து நின்றன.

"நிமிராதீங்க மிஸஸ் பிராக்ஸ்டன். நான் உங்ககிட்ட பேசறதை யாரும் பாக்கக் கூடாது."

நோரீனின் குரல். ஒடெஸாவின் கை நின்றது. எந்த வெள்ளைக்காரியும் அவளை இதுவரை மிஸஸ் போட்டுக் கூப்பிட்டதில்லை.

"மேடையில சொன்னது போதாதா? இன்னும் என்ன பாக்கி?"

"போன வருஷம் பிக்கெட்ஸ்வில் பந்தயத்துலயும் கோப்பை கொடுக்க நான்தான் வந்திருந்தேன்."

அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதுமே ஒடெஸாவுக்குக் கசந்தது. அங்கேயும் லெமுவேல்தான் முதலில் வந்தான். சுற்றுகளை எண்ணியதில் தவறு என்று சொல்லி, கோப்பையை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

"எண்ணினதுல ஒரு தப்பும் இல்லைங்க. உங்க வீட்டுக்காரருக்கு நான் முத்தம் கொடுக்கறதைக் கூட்டம் பாத்துடக் கூடாது, அதுக்காகத்தான் முடிவையே மாத்தினாங்க. என் பக்கத்துல நின்னுதான் பேசினாங்க. நானும் வாயைத் திறக்கலை."

ஒடெஸா சங்கிலியைக் கீழே விட்டாள். கால்கள் திரும்பின.

"அதான் இந்தத் தடவை, அவர் கார் கடைசிக் கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே நான் மேடையை விட்டு இறங்கிட்டேன்."