செவலை ஓடிய திசை

சிப்பாய் வானத்தை நோக்கிச் சுட்டதும், செவலை தேவராஜின் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது.

வரிசையில் நின்ற மற்றக் குதிரைகள் காதைக்கூட அசைக்கவில்லை.

பட்டாளத்துக்குக் குதிரை வாங்க வந்திருந்த துரை உதட்டைப் பிதுக்கினார். வெடிக்கு மிரளும் குதிரை சண்டைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு மற்றவற்றை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார். தை பிறந்ததும் மறுபடி வருவாராம். அதற்குள் இந்தச் சிவப்புக் குதிரையைப் பழக்கி வைக்க வேண்டுமாம்.

வரதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சேக்காட்டில் குதிரை வளர்த்து, பழக்கி, விற்கும் குடும்பம் அவருடையது. ஜெர்மன் சண்டை தொடங்கியதிலிருந்து குதிரைகள் பெரும்பாலும் பட்டாளத்துக்குத்தான் போயின. அவர் லாயத்துக் குதிரை எதுவும் வெடிக்கு மிரண்டதில்லை. குட்டியாக இருக்கும்போதே பக்கத்தில் ஓலைவெடி கொளுத்திப் பழக்கிவிடுவார்கள். செவலையும் அப்படித் தேறிய குதிரைதான்.

அவருக்கு அவமானத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது.

மிரண்ட குதிரை வெட்டவெளியைப் பார்த்து ஓடும். இது வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கொல்லைக் கதவண்டை நின்றது. கழுத்தில் வியர்வை இல்லை. மூக்கு விடைக்கவில்லை. கொள்ளு வாளியைக் கண்டதுபோல் காதுகள் இரண்டும் முன்னால் நிமிர்ந்திருந்தன.

மகன் முகத்தைப் பார்த்தாலும் புதிராகத்தான் இருந்தது. செவலை பிறந்த அன்று வைக்கோலால் துடைத்து எழுப்பி நிறுத்தியவன் தேவராஜ். அது போகாமல் நின்றதில் அவன் மகிழ்ந்திருக்க வேண்டும். அவனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டான்.

வெயில் தாழ்ந்ததும் வரதன் செவலையைக் களத்துக்குக் கூட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஓர் ஓலைவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

வெடித்தது.

செவலை திரும்பி, அவசரமே இல்லாமல், துள்ளு நடையில் வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவரும் பின்னாலேயே போனார்.

அடுப்படியில் அவர் மனைவி பூங்காவனம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குதிரை கொல்லைக் கதவுக்குள் தலையை நீட்டியது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை மட்டும் தன்னால் பக்கத்திலிருந்த பானைக்குள் போய், ஒரு வெல்லக்கட்டியை எடுத்து அதன் வாயில் வைத்தது.

பிறகுதான் புருஷன் நிற்பதைப் பார்த்தாள். முறம் அப்படியே நின்றுவிட்டது.

அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் சந்தைக்குப் போகிற நாட்களிலெல்லாம் கொல்லையில் வெடி போட்டிருக்கிறாள், வெல்லம் கொடுத்திருக்கிறாள். குதிரை நன்றாகவே பழகியிருந்தது. அவரே பழக்கியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் ஒரு குதிரைமேல் அவளுக்கு அத்தனை பாசமா என்றுதான் வாயில் வந்தது.

பூங்காவனம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“குதிரைக்காகவா செஞ்சேன்? செவலை கப்பல் ஏறுனா நானும் குதிரைக்காரனா கூடவே பூடுவேன்னு சொல்லிகினு கீறான் உங்க புள்ள. உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினான்.”

போன வருஷம் அப்படிக் குதிரைகளோடு கப்பல் ஏறியவன் நெமிலிச்சேரி வீராசாமி. அவனைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. அவன் அம்மா இன்னமும் ரயிலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

வரதன் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். ஏரிக்கரை மேல் தேவராஜ் குனிந்த தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். மார்கழி பிறந்துவிட்டது. தைக்கு இனி அதிக நாள் இல்லை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வெல்லம் இன்னும் எவ்ளோ கீது?”