ஷிப்ட் மாறும் வாசல்

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை வாசல், மதிய வெயில். காலை ஷிப்ட் முடிந்து ஸ்ரீதர் வெளியே வருகிறான். அடுத்த ஷிப்டுக்கு உள்ளே போகும் அவன் மனைவி வெண்மதி, மகளை அவனிடம் ஒப்படைக்கிறாள். ஆட்டிசம் உள்ள இலக்கியாவைத் தனியே விடமுடியாது என்பதால் இருவரும் மாறி மாறித்தான் வேலைக்குப் போகிறார்கள். முகம் பார்த்துப் பேசிக்கொள்வது அநேகமாக இந்த வாசலில்தான். "பாப்பாவுக்குச் சோறு ஊட்டிட்டேன். நீங்க சாப்டீங்களா?" "ஆச்சு. கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? தூங்கலியா?" "இவ எங்க தூங்க வுட்டா?" என்று சிரிக்கிறாள் வெண்மதி. அப்போது ஆலைச் சங்கு அலறுகிறது. சத்தம் தாங்காத இலக்கியா அம்மாவின் உள்ளங்கையை இழுத்து ஒரு காதில் பொத்திக்கொள்கிறாள். அப்பாவின் கையை மறுகாதில். சங்கு ஓய்கிறது. "லேட்டானா சம்பளம் புடிப்பாங்க, போ," என்கிறான் ஸ்ரீதர். வெண்மதி தலையாட்டுகிறாள். கையை மட்டும் இருவருமே எடுக்கவில்லை.