தொட்டிக்குத் தாரா, எண்ணெயா?

"தார்தான் பூசணும். அப்பத்தான் கரையான் அண்டாது" என்றாள் சாரா பீவி.

"வேணாம் மாமி. கீரை போடுற பெட்டி. தார் மண்ணுல இறங்கும். நாமதானே திங்கப் போறோம்? ஆளிவிதை எண்ணெய் போதும்" என்றாள் மருமகள் ஜஹானாரா.

"சின்னம்மா சொல்றது சரிதாங்க" என்றார் ஆசாரி பிச்சைமுத்து.

சாரா பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜஹானாரா சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் மனசில் இருந்தது கீரை மட்டுமில்லை.

யுத்தத்துக்கு முன்னால் அவள் புருஷன் மீரான் பினாங்கிலிருந்து சாமான் அனுப்பிய பெட்டி அது. அதைப் பிரித்துத்தான் மொட்டை மாடிக்குத் தொட்டிகள் செய்திருந்தார்கள். ஒரு பலகையில் அவன் கைப்பட எழுதிய விலாசம்: 'ஜஹானாரா பீவி, திருச்சினாப்பள்ளி.'

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து மூன்று வருஷமாகிறது. மீரானைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எண்ணெய் பூசினால் அந்த எழுத்து இன்னும் பளிச்சென்று தெரியும். தார் பூசினால் போச்சு.

மறுநாள் பக்கத்துத் தெருவில் கீரை விதை வாங்கிக்கொண்டு வந்தவள், நேரே மாடிக்கு ஏறினாள்.

எழுத்து இருந்த இடம் கறுப்பாக இருந்தது. மாமியார் கையெல்லாம் தார்.

"அவங்க எழுத்து மாமி அது! பெத்த மகன் எழுத்தை அழிக்க எப்படி மனசு வந்துச்சு?"

உட்கார்ந்து முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தார் பரவியதே தவிர, எழுத்து வரவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். தொட்டிகளின் உள்பக்கம், வெளிப்பக்கம் எல்லாம் எண்ணெய் மினுமினுத்தது. விலாசம் இருந்த இடத்தில் மட்டும்தான் தார்.

"கரையானுக்குப் பூசலையா மாமி?"

சாரா பீவி இல்லையென்று தலையாட்டினாள்.

"வெள்ளிக்கிழமை உங்கத்தா வந்தாங்க. தகப்பன் மனசு, உன்னை வேற இடத்துல கட்டிக் குடுக்கணுமாம். காஜியார்கிட்டயும் பேசிட்டாங்களாம். நீ தினம் இதைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தா சரின்னு சொல்லுவியா?"

"நான் எங்கேயும் போகமாட்டேன். அவங்க வருவாங்க."

"வந்தா வரட்டும்மா." சாரா பீவி தார்க் கையாலேயே அவள் கையைப் பிடித்தாள். "காத்துக்கிடக்கப் பெத்தவ நான் ஒருத்தி போதும். நீ போயி வாழு."